ஈரநில மிட்டிகேஷன் பேங்க் ப்ரொபோஸ் பண்ணப் போறீங்களா? முதல்ல தண்ணிய பாருங்க, பேப்பர் அப்புறம்

அமெரிக்காவுல சுற்றுச்சூழல் கன்சல்ட்டிங் வேலைக்கு வர்ற நம்ம பசங்க நிறைய பேர் என்கிட்ட ஒரே கேள்விய கேக்குறாங்க, "அண்ணா, மிட்டிகேஷன் பேங்க் ப்ரொபோசல் ஒண்ணு கைல குடுத்துட்டாங்க, எங்கேருந்து ஆரம்பிக்கறது?"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிட்டிருந்ததை இங்க மொத்தமா எழுதிடறேன். நான் வேலை பாக்குறது வடமேற்கு ஒஹாயோ, அதனால அந்த மண்ணையும் அந்த தண்ணியையும் வச்சே சொல்றேன். ஃபெடரல் ரூல் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான், மாநில சட்டமும் பெர்மிட் குடுக்கற ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸோட (ராணுவப் பொறியாளர் துறை, சுருக்கமா கோர்) ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட் வழக்கமும்தான் இடத்துக்கு இடம் மாறும்.

விஷயம் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1972 க்ளீன் வாட்டர் ஆக்ட்ல 404-ன்னு ஒரு பிரிவு. அதன்படி ஈரநிலத்துல மண்ணு கொட்டி ரோடு போடணும், கடை கட்டணும்னா ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ்கிட்ட பெர்மிட் வாங்கணும். அவங்க முதல்ல அந்த எடத்தை தொடாமலே முடிக்க முடியுமான்னு பாப்பாங்க, முடியலைன்னா பாதிப்பை குறைக்கச் சொல்வாங்க, அதுக்கும் மேல மிஞ்சுறதுக்கு ஈடு கேப்பாங்க. அந்த ஈட்டை முன்கூட்டியே ஒருத்தர் வேற எடத்துல உருவாக்கி வச்சு, கிரெடிட்டா வித்தா அதுதான் மிட்டிகேஷன் பேங்க். 2008-ல கோரும் ஈபிஏவும் (ஃபெடரல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு துறை) சேர்ந்து கொண்டுவந்த ரூல்ல இந்த பேங்க் கிரெடிட்டுக்குத்தான் முதல் இடம் குடுத்திருக்காங்க, ஏன்னா பெர்மிட் வாங்கினவங்க ஆளுக்கொரு மூலைல சின்னச்சின்னதா தோண்டி விட்ட ஈரநிலங்கள்ல நிறைய ஒழுங்கா வரலை.

ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. கிரெடிட்டை வித்ததும் அந்த ஈடுக்கான பொறுப்பு வாங்கினவர்கிட்டேருந்து பேங்க் நடத்துற ஸ்பான்சர் தலைக்கு வந்துடுது. எங்கேயோ ஒரு ஈரநிலம் தவளை, கொக்கு, கோரை எல்லாத்தோடயும் போயே போயிடுச்சு, அதுக்கு ஈடா நீங்க குடுத்தது ஒரு காகிதம். அந்தக் காகிதத்துக்கு உசிரு குடுக்கறது உங்க நிலத்துல நிக்கற தண்ணி மட்டும்தான். அதனாலதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன், விண்ணப்ப ஃபார்ம் எங்க கிடைக்கும்னு தேடறதுக்கு முன்னாடி ரப்பர் பூட்ஸ் வாங்குங்க.

ஊரைத் தெரிஞ்சுக்கோங்க

வடமேற்கு ஒஹாயோவுல ஒரு காலத்துல கிரேட் ப்ளாக் ஸ்வாம்ப்னு ஒரு பெரிய சதுப்புக்காடு இருந்துச்சு, மாமீ ஆத்துக்குத் தெக்கால, சுமாரா 120 மைல் நீளம், 40 மைல் அகலம்னு சொல்வாங்க. வண்டி போக முடியாது, கொசு, மலேரியா, இடுப்பளவு சேறு. 1859-ல ஒஹாயோ வாய்க்கால் வெட்டறதுக்குன்னு ஒரு சட்டம் போட்டுச்சு, அப்புறம் ஊருக்கு ஊரு வாய்க்கால் வெட்டி, நிலத்துக்கு அடியில சுட்ட மண் குழாய பதிச்சு, அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள மொத்தத்தையும் வடிச்சு சோள வயலா மாத்திட்டாங்க. 1780-கள்லேருந்து 1980-கள் வரைக்கும் ஒஹாயோ தன் ஈரநிலத்துல 90 சதவீதத்தை இழந்துச்சுங்கறது ஃபெடரல் கணக்கு, அலாஸ்காவும் ஹவாயும் தவிர்த்து மீதி 48 மாநிலத்தையும் சேர்த்துப் பாத்தா அந்த இழப்பு 53 சதவீதம். வயல்ல போட்ட உரம் வடிகட்ட ஆளில்லாம நேரா மாமீ வழியா ஈரி ஏரிக்குப் போகுது, 2014 ஆகஸ்ட்ல டொலிடோ ஊர்ல சுமார் 4 லட்சம் பேருக்கு மேல குழாய்த் தண்ணிய குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே, ஏரில பாசி விஷம் ஏறினதுனால, அதுக்கு வேர் இங்கதான் இருக்கு.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ப்ராஸ்பெக்டஸ்ல, அதாவது கோருக்கு முதல்ல குடுக்கற திட்ட விளக்கத்துல, "இந்த வாட்டர்ஷெட்டுக்கு இது ஏன் தேவை"ன்னு எழுதணும், வாட்டர்ஷெட்னா ஒரு ஆத்துக்குத் தண்ணி வடிஞ்சு வர்ற மொத்த நிலம். அங்க நாலு பொதுவான வரி போட்டா ரிவ்யூ பண்றவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். ஊர் கதை தெரிஞ்சவன் எழுதினா அது வேற மாதிரி இருக்கும்.

நிலம் தேடறது

நல்ல சைட் எதுன்னா, ஏற்கனவே ஈரநிலமா இருந்து மனுஷன் வடிச்ச எடம். மேட்டு நிலத்தை வெட்டிப் பள்ளமாக்கி ஈரநிலம் ஆக்கறேன்னு கிளம்பாதீங்க, மண்ணு ஒத்துழைக்காது. என்ஆர்சிஎஸ்-ங்கற ஃபெடரல் மண்வளப் பாதுகாப்பு துறையோட வெப் சாயில் சர்வேல (ஆன்லைன் மண் மேப்) உங்க நிலத்தோட மண் வகைய பாருங்க, எங்க பக்கம் ஹாய்ட்வில் களிமண்ணுன்னு வந்துச்சுன்னா மனசு துள்ளும், அது ஈரநிலத்துல பொறந்த மண்ணு. ஆனா மேப்பை மட்டும் நம்பாதீங்க, மண்வெட்டியால ஒரு குழி வெட்டி, மன்செல் கலர் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, சாம்பல் நிறமும் நடுநடுவுல துருப்பிடிச்ச மாதிரி ஆரஞ்சு புள்ளியும் இருந்தா அந்த மண்ணு பல காலம் தண்ணில ஊறிக் கிடந்துச்சுன்னு அர்த்தம்.

அடுத்தது டைல். இங்க டைல்னா தரையில ஒட்டற டைல் இல்ல, நிலத்துக்கு அடியில மூணு நாலு அடி ஆழத்துல ஓடற வடிகால் குழாய். பழசெல்லாம் சுட்ட மண்ணு, புதுசெல்லாம் ப்ளாஸ்டிக். எங்க ஓடுதுன்னு வரைபடம் அநேகமா யார்கிட்டயும் இருக்காது, நிலத்துக்காரரோட தாத்தா போட்டதா இருக்கும். வசந்த காலத்துல ஒரு நல்ல மழை பெய்ஞ்ச ரெண்டு மூணு நாள்ல எடுத்த ஏரியல் போட்டோ கிடைச்சா பாருங்க, டைல் மேல இருக்கற மண்ணு சீக்கிரம் காயறதுனால வெளிர் கோடு கோடா தெரியும். 1930-கள்லேருந்து எடுத்த பழைய ஏரியல் போட்டோவும் லைடார் (லேசர் வச்சு நில உயரம் அளக்கறது) உயர வரைபடமும் சேர்த்து வச்சுப் பாத்தா பழைய தண்ணி எந்தப் பக்கம் போயிட்டிருந்துச்சுன்னு பிடிபடும்.

இதுல பெரிய வில்லங்கம் பக்கத்து வயல். மேல இருக்கறவரோட டைல் உங்க நிலத்து வழியாத்தான் வாய்க்காலுக்குப் போகுதுன்னா, நீங்க பாட்டுக்கு அதை உடைச்சா அவர் வயல்ல தண்ணி நிக்கும், கேஸ் வரும். ஒரு சைட்ல இதை லேட்டா கண்டுபிடிச்சோம், டிசைன் எல்லாம் முடிஞ்ச அப்புறம் ஒரு பெரியவர் வேலியோரம் வந்து நின்னு "என் அப்பா போட்ட 12 இஞ்ச் மெயின் குழாய் இங்க அடியில ஓடுது தெரியுமா"ன்னார். கடைசில அந்த லைனை ஓட்டையில்லாத குழாயா மாத்தி சைட்டுக்கு வெளியால சுத்திக் கொண்டுபோனோம், செலவும் ஆச்சு ஒரு சீசனும் போச்சு. அதனால அக்கம்பக்கத்து விவசாயிங்க வீட்டுக்கு முதல் மாசமே போங்க. ப்ளான் கைல இல்லாம, வெறும் கைய வீசிட்டுப் போய் உக்காந்து கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச தண்ணி உங்க மாடலுக்குத் தெரியாது.

பத்திரம் பாருங்க, வில்லங்கம் பாருங்க. நிலத்து மேல அடமானம் இருந்தா, கன்சர்வேஷன் ஈஸ்மென்ட், அதாவது இந்த நிலத்தை வேற எதுக்கும் மாத்தக் கூடாதுன்னு பதியற பத்திரம், அந்தக் கடனுக்கு முன்னாடி நிக்கற மாதிரி கடன் குடுத்த பேங்க்காரங்க எழுதிக் குடுக்கணும், இல்லைன்னா நாளைக்கு கடன்ல நிலம் ஏலம் போச்சுன்னா ஈஸ்மென்ட்டும் போயிடும். அடியில இருக்கற ஆயில், கேஸ் உரிமை வேற ஒருத்தர் பேர்ல இருக்கலாம், அதையும் பாருங்க. கரன்ட் லைன், பைப்லைன் போற பட்டையில கிரெடிட் எதிர்பார்க்காதீங்க. ஏற்கனவே ஃபெடரல் காசுல வேற நோக்கத்துக்காக ஈரநிலமா மீட்ட எடத்தை மறுபடி கிரெடிட்டா விக்க முடியாது. ஏர்போர்ட் பக்கத்துல போகாதீங்க, ஜெட் வந்து எறங்கற ஏர்போர்ட்டா இருந்தா 10,000 அடி தள்ளி இருக்கணும்னு எஃப்ஏஏ (ஃபெடரல் விமானத் துறை) சொல்லுது, பறவைங்க எஞ்சின்ல மாட்டும்ங்கறதுதான் காரணம்.

தண்ணி, தண்ணி, தண்ணி

இதுதான் நான் எழுத வந்ததே. வளர் பருவத்துல, அதாவது செடி துளிர்க்கறதுலேருந்து பனி விழற வரைக்கும் உள்ள காலத்துல, தொடர்ச்சியா 14 நாளாவது தண்ணி மேல நிக்கணும், இல்லைன்னா நிலத்தடி நீர்மட்டம் தரை மட்டத்துலேருந்து 12 இஞ்சுக்குள்ள இருக்கணும், அதுவும் பத்து வருஷத்துல அஞ்சு வருஷமாவது அப்படி இருக்கணும். வடிச்சு, உழுதுன்னு இயற்கை நிலை கலைஞ்ச எடங்களுக்கு கோர் வச்சிருக்கற டெக்னிக்கல் ஸ்டாண்டர்ட் இது. இதை நிரூபிக்க ஆழமில்லாத மானிட்டரிங் வெல் போடணும், வெல்னதும் நம்ம ஊர் கெணறு ஞாபகம் வேண்டாம், ஒரு சின்ன பிவிசி குழாயும் உள்ள தண்ணி மட்டம் பதியற ஒரு லாகரும்தான்.

அந்தக் குழாயை முந்தின இலையுதிர் காலத்துலயே போட்டுடுங்க. ஏன்னா ஒஹாயோவுல முக்கியமான அளவு மார்ச் கடைசி, ஏப்ரல்லயே வந்துடும், அப்ப குழாயத் தூக்கிட்டு ஓடினா பாதி சீசன் போயிடும். இன்னொரு தப்பு நிறைய பேர் பண்றது, குழாயை ரொம்ப ஆழமா எறக்கி, தண்ணிய தாங்கி நிக்கற களிமண் அடுக்கையே ஓட்டை போட்டுடறது, அப்புறம் அந்தக் குழாய் காட்டற மட்டம் மேல இருக்கற தண்ணியோடது இல்ல, கீழ இருக்கற வேற தண்ணியோடது. லாகர் காத்தழுத்தத்தையும் சேர்த்துத்தான் பதியும், அதைக் கழிக்க வெளியில ஒரு காத்தழுத்த லாகர் தனியா வேணும். மழைமானி ஒண்ணு சைட்லயே வைங்க. அந்த வருஷ மழை சாதாரணமா, அதிகமா, குறைச்சலான்னு 30 வருஷ சராசரியோட ஒப்பிட்டுச் சொல்லலைன்னா உங்க டேட்டாவை யாரும் நம்ப மாட்டாங்க, நம்பவும் கூடாது, வெள்ள வருஷத்துல எந்த வயலும் ஈரநிலம் மாதிரிதான் தெரியும்.

டைல் ஓடிட்டிருக்கற வயல்ல இப்ப அளந்தா காஞ்சுதான் காட்டும், அது உங்க ஆரம்ப நிலை. அதனால பக்கத்துல தப்பிச்சு நிக்கற ஒரு சதுப்புத் தோப்பைத் தேடி, அனுமதி வாங்கி அங்கயும் ரெண்டு குழாய் போடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு காட்டினா "டைலை உடைச்சா இது அது மாதிரி ஆகும்"னு சொல்றதுக்கு ஒரு ஆதாரம். கூடவே வாட்டர் பட்ஜெட், மழையா எவ்வளவு வருது, மேல்நிலத்துலேருந்து எவ்வளவு ஓடி வருது, செடியும் வெயிலும் எவ்வளவு குடிக்குது, வெளியே எவ்வளவு போகுதுன்னு மாசாமாசம் கணக்கு. ஈரமான வருஷம், சாதாரண வருஷம், வறண்ட வருஷம்னு மூணுக்கும் போடுங்க.

டிசைன்ல ஆசைப்படாதீங்க. 2006-ல ஒஹாயோ ஈபிஏ மாநிலத்துல இருந்த பேங்க்குகளை நேர்ல போய் ஆராய்ஞ்சப்போ, சில எடம் ஈரநிலமே ஆகலை, சில எடம் ஆழமா வெட்டி சரிவா கரை கட்டினதுனால வெறும் குளமா நிக்குது, இயற்கை ஈரநிலத்துல இருக்கற தவளையும் சாலமாண்டரும் (பல்லி மாதிரி இருக்கற, தவளை இனத்துக்கு நெருங்கின பிராணி) வரலைன்னு தெரிஞ்சுது. ஈரநிலம்னா குளம் இல்லைங்க. குளத்துல மீன் நிலைச்சா சாலமாண்டர் முட்டைய மிச்சம் வைக்காது. இஞ்ச் கணக்குல மேடுபள்ளம், கோடைல வத்தணும், வசந்தத்துல நிறையணும், அதுதான் கணக்கு. வாய்க்காலை அடைக்கறது, டைலை அங்கங்க தோண்டி எடுத்து களிமண் போட்டு இறுக்கறது, பழைய மேடுபள்ளத்தைத் திருப்பிக் குடுக்கறது, பெரும்பாலும் இது போதும். பம்பு வச்சு தண்ணி ஏத்தறேன்னு ப்ளான் போட்டா ரிவ்யூல நிக்காது, ஏன்னா காலாகாலத்துக்கும் தானா நடக்கற மாதிரி வடிவமைக்கணும்னு ரூலே சொல்லுது.

செடி விஷயம். உரம் போட்டுப் போட்டு ஊறின வயல்ல தண்ணிய நிறுத்தினா முதல்ல ஓடி வர்றது ரீட் கேனரி புல்லு, குறுகின இலை சம்பு, வெளியூர் நாணல். இந்த மூணும் ஒரு தடவை புடிச்சா விடாது. தண்ணிய நிறுத்தறதுக்கு முன்னாடியே களை எடுக்க ஒரு முழு வருஷம் ஒதுக்குங்க, அப்புறம் உள்ளூர் கோரை வகைங்க விதை, பட்டன்புஷ், ஸ்வாம்ப் வைட் ஓக், பின் ஓக் கன்னு. மான் வந்து கன்னை எல்லாம் மேஞ்சுட்டுப் போகும், வேலிக்கும் காசு எடுத்து வைங்க.

வாங்கறவங்க இருக்காங்களா

கிரெடிட்டை எந்த எல்லைக்குள்ள விக்கலாம்ங்கறதுதான் சர்வீஸ் ஏரியா. யுஎஸ்ஜிஎஸ்-ங்கற ஃபெடரல் நிலவியல் துறை 8 இலக்க எண் குடுத்துப் பிரிச்ச வாட்டர்ஷெட்டை வச்சுத்தான் பேசுவாங்க, நகரத்துப் பக்கம் அது ஒண்ணோ அதைவிடச் சின்னதோ, கிராமத்துப் பக்கம் அடுத்தடுத்த சிலதைச் சேர்த்து கேக்கலாம். எவ்வளவு பெருசா கேக்கறீங்களோ அவ்வளவு காரணம் சொல்லணும். ரிபிட்ஸ்னு கோரோட வெப்சைட் இருக்கு, எல்லா பேங்கும், எவ்வளவு கிரெடிட் பாக்கி, யாருக்கு வித்தாங்க எல்லாம் அதுல பொதுவுல கிடக்கு. பக்கத்துல இருக்கற பேங்க்கோட இன்ஸ்ட்ரூமென்ட்டும் (கோரோட போடற பேங்க் ஒப்பந்தம்) நிறைய அங்கயே கிடைக்கும், எறக்கி முழுசா படிங்க, எந்த ட்ரெயினிங்கும் அதுக்கு ஈடாகாது.

2023 மே மாசம் சாக்கெட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அப்புறம், நிலையா தண்ணி இருக்கற ஆறு, ஏரி மாதிரி நீர்நிலையோட மேற்பரப்புலயே தொடர்ச்சியா சேர்ந்திருக்கற ஈரநிலத்துக்குத்தான் ஃபெடரல் பெர்மிட்னு சுருங்கிடுச்சு. அதனால பல மாநிலத்துல கிரெடிட் கேக்கறது குறையலாம், பழைய விற்பனைக் கணக்கை அப்படியே நீட்டிப் போட்டு பைனான்ஸ் ஷீட் பண்ணாதீங்க. ஒஹாயோவுல 2001-லயே தனியா கிடக்கற ஈரநிலத்துக்குன்னு மாநிலச் சட்டம் போட்டிருக்காங்க, அது எங்களுக்கு ஒரு தாங்கல். உங்க மாநிலத்துல என்ன இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் நிலத்துக்கு அட்வான்ஸ் குடுங்க. முடிஞ்சா முழுக் கிரயம் வேண்டாம், ஆப்ஷன் அக்ரிமென்ட் போடுங்க, அப்ரூவல் வரலைன்னா வெளிய வந்துடலாம்.

ப்ராஸ்பெக்டஸ்

இப்பத்தான் பேப்பர். அதுக்கும் முன்னாடி கோர் ஆளுங்களையும் ஐஆர்டி-யையும் சைட்டுக்குக் கூப்பிடுங்க. ஐஆர்டின்னா பல துறை சேர்ந்த குழு, கோர் தலைமை, கூட ஈபிஏ, ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப், என்ஆர்சிஎஸ், மாநிலத் துறைங்க. ட்ராஃப்ட் ப்ராஸ்பெக்டஸ் குடுக்கறது கட்டாயம் இல்ல, ஆனா குடுங்க, 30 நாள்ல கருத்து வந்துடும், தப்பான சைட்டுன்னா அங்கயே தெரிஞ்சுடும்.

முழு ப்ராஸ்பெக்டஸ்ல ரூல் கேக்கறது இவ்வளவுதான்: பேங்க்கோட நோக்கம், எப்படி உருவாக்கி நடத்துவீங்க, சர்வீஸ் ஏரியா, தேவையும் தொழில்நுட்ப சாத்தியமும், நிலம் யார் பேர்ல, கடைசி வரைக்கும் யார் பாத்துக்குவாங்க, ஸ்பான்சருக்கு என்ன தகுதி, அந்த சைட் இயற்கையா பொருந்துமா, தண்ணிக்கு உரிமை இருக்கா. பக்கம் பக்கமா எழுதணும்னு இல்ல, ஆனா ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி டேட்டா இருக்கணும். நான் வழக்கமா குழாய் கிராஃபை முன்னாடியே வைப்பேன், ரிவ்யூ பண்றவங்க முதல்ல தேடறது அதைத்தான். குறையையும் நீங்களே சொல்லிடுங்க, தெக்கு மூலைல மண்ணு மணலா இருக்கு, அங்க கிரெடிட் கேக்கலைன்னு எழுதினா மீதி எல்லாத்தையும் நம்புவாங்க.

அப்புறம் 30 நாளைக்குள்ள பப்ளிக் நோட்டீஸ், பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள், அது முடிஞ்சு 30 நாளைக்குள்ள கோர் ஒரு ஆரம்ப மதிப்பீட்டுக் கடிதம் அனுப்பும், இதுக்கு வாய்ப்பு இருக்கா இல்லையான்னு. இருக்குன்னா ட்ராஃப்ட் இன்ஸ்ட்ரூமென்ட் தயார் பண்ணலாம். ஃபெடரல் பக்கம் மொத்தமா 225 நாள்னு கணக்கு சொல்வாங்க, ஆனா நீங்க திருத்திட்டு இருக்கற நாள் அதுல சேராது, அதனால வருஷக்கணக்குல திட்டம் போடுங்க. இதுக்கு நடுவுலயே பழங்காலப் பொருள் ஏதும் மண்ணுல இருக்கான்னு பாக்கற ஆய்வு, இந்தியானா வௌவால் தங்கற மரம் இருக்கான்னு பாக்கறது எல்லாம் ஓடணும், கடைசில விட்டா மாட்டிக்குவீங்க. இருக்கற வாய்க்காலை அடைக்கற வேலைக்கே ஒரு 404 பெர்மிட் தேவைப்படலாம், நேஷன்வைட் பெர்மிட் 27 (ஈரநிலம் மீட்கற மாதிரி வேலைக்கான பொது அனுமதி) பெரும்பாலும் பொருந்தும்.

இன்ஸ்ட்ரூமென்ட்டும் காசும்

இன்ஸ்ட்ரூமென்ட்டுக்குள்ள போற மிட்டிகேஷன் ப்ளான்ல 12 பகுதி, அதை வரிசையா சொல்லப் போறதில்ல, ரூல்லயே தெளிவா இருக்கு. எங்க சறுக்குவாங்கன்னு மட்டும் சொல்றேன். ஒண்ணு, பெர்ஃபார்மன்ஸ் ஸ்டாண்டர்ட். "ஆரோக்கியமான செடிகள்"னு எழுதாதீங்க, அளக்கற மாதிரி எழுதுங்க, எந்த வருஷம் உள்ளூர் செடி எத்தனை சதவீதம், களைக்கு மேல் வரம்பு எவ்வளவு, நீர்மட்டம் எத்தனை நாள். மானிட்டரிங் குறைஞ்சது 5 வருஷம், மரக்காடா வரணும்னா இன்னும் நீளும், ஓக் மரம் அவசரப்படாது. ரெண்டாவது, கிரெடிட் ரிலீஸ். எல்லாம் ஒரே நாள்ல கிடைக்காது. இன்ஸ்ட்ரூமென்ட் அப்ரூவ் ஆகி, நிலம் உறுதியாகி, நிதி உத்தரவாதமும் (வேலை நடுவுல நின்னா முடிக்கறதுக்கான காசு) வச்சப்புறம் ஒரு பங்கு கிடைக்கும், மீதி ஒவ்வொரு படியத் தாண்டும்போதும், கணிசமான பங்கு கடைசில முழுசா வெற்றி பெற்ற அப்புறம்தான். உங்க செலவுல பெரும்பகுதி முதல் ரெண்டு மூணு வருஷத்துல, வரவு பின்னாடி. அந்த இடைவெளிய தாங்க காசு இருக்கான்னு முன்னாடியே நேர்மையா கணக்கு போடுங்க, காசு தீந்து போய் களை எடுக்கறதை நிறுத்தினா ஒரே கோடைல நாணல் மூடிடும்.

நிதி உத்தரவாதம் பாண்டாவோ, எஸ்க்ரோவாவோ (மூணாவது ஆள்கிட்ட கட்டி வைக்கற பணம்), லெட்டர் ஆஃப் கிரெடிட்டாவோ இருக்கலாம், அது முடியப் போகுதுன்னா குறைஞ்சது 120 நாள் முன்னாடி கோருக்கு சொல்லணும். அது வேற, நீண்ட காலப் பராமரிப்பு நிதி வேற, ரெண்டையும் குழப்பாதீங்க. இந்தப் பராமரிப்பு நிதி, கோயிலுக்கு வைக்கற வைப்பு நிதி மாதிரி, அசலைத் தொடாம வட்டில வேலியும் களையும் காவலும் நடக்கணும். யார் கடைசி வரைக்கும் பாத்துக்கப் போறாங்களோ அந்த லேண்ட் ட்ரஸ்ட்டை (நிலத்தைப் பாதுகாக்கற அமைப்பு) ப்ராஸ்பெக்டஸ் நேரத்துலயே கூட்டிட்டு வாங்க, வருஷச் செலவு என்னன்னு அவங்களையே கேட்டு எழுதுங்க, நீங்களா ஒரு குறைச்ச தொகை போட்டா அதை அவங்க தலைமேல வச்சுட்டுப் போறீங்கன்னு அர்த்தம்.

கையெழுத்தாகி முதல் கிரெடிட்டை எடுத்துட்டீங்கன்னா, அதுக்கு அடுத்து வர்ற முதல் முழு வளர் பருவத்துக்குள்ள மண் வேலையும் நடவும் முடிஞ்சிருக்கணும். எங்க களிமண்ணுல ஏப்ரல்ல மெஷின் எறங்காது, சிக்கிக்கும், மண்ணும் இறுகிக் கெட்டுப் போகும். அதனால கான்ட்ராக்டரை ஆகஸ்ட், செப்டம்பருக்கு முன்கூட்டியே புக் பண்ணிடுங்க, கன்னுக்கும் விதைக்கும் நர்சரில ஒரு வருஷம் முன்னாடியே ஆர்டர் போடுங்க, மெஷின் ஓட்டறவருக்கு உங்க மானிட்டரிங் குழாய் எல்லாம் எங்கெங்க இருக்குன்னு உசரமா கம்பு நட்டு கலர் துணி கட்டிக் காட்டுங்க, இல்லைன்னா சோளத்தட்டை மறைச்சு, குழாய் தெரியாம ஏத்தி நசுக்கிடுவாங்க.